மூன்று நாள் தாமதத்துக்கு 2,921 ரூபாயா?

வாசகியின் கடிதம்:

வணக்கம் ஐயா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் மாதம் 7-ம் தேதி ஏறும். போன வருடம் ஜூனில் ஒரு மாலில் ஸ்டால் போட்டிருந்த பையன், “லைஃப்டைம் ஃப்ரீ மேடம், ஒரு பைசா கட்ட வேண்டாம்” என்று சொல்லி ஒரு கிரெடிட் கார்டு வாங்க வைத்தான். இதுவரை ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. இந்த மே 20-ல் 38,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். ஜூன் 2-ல் மளிகை 4,200. ஜூன் 10-ல் துணி 2,800. ஜூன் 15 ஸ்டேட்மென்ட்டில் மொத்தம் 45,000, கடைசித் தேதி ஜூலை 5. சம்பளம் வந்ததும் ஜூலை 8-ல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். மூன்று நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது, ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஆனால் ஜூலை 15 ஸ்டேட்மென்ட்டில் நான் செலவே செய்யாத 3,586 ரூபாய் 66 காசு இருக்கிறது. வட்டி, ஆண்டுக் கட்டணம், ஏதோ வெளிநாட்டுக் கட்டணம், ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி என்று ஆறு வரி. இது ஏமாற்று வேலைதானே? அடுத்து ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும். நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுக்கலாமா? என் வீட்டுக்காரர், கார்டை வெட்டிக் குப்பையில் போடு என்கிறார்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஸ்டேட்மென்ட் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கார்டு நம்பரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்பியதற்குத் தனியாக ஒரு சபாஷ். எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

அந்த ஆறு வரியில் நான்கு, விதிப்படி சரியானவை. இரண்டு வரியை, அதாவது ஆண்டுக் கட்டணத்தையும் அதன் ஜிஎஸ்டியையும், நீங்கள் தைரியமாகத் திரும்பக் கேட்கலாம். ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடம் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே கட்டணம் எதையும் ஒளித்து வைத்ததில்லை. எல்லாமே அச்சடித்துத்தான் கொடுத்தோம், யாரும் படிக்க முடியாத அளவு எழுத்தில். படித்தவர்களும் தேதியில்தான் மாட்டினார்கள். நீங்களும் அப்படித்தான்.

பெரிய தொகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வட்டி 2,475 ரூபாய் 54 காசு, அதற்கு ஜிஎஸ்டி 445 ரூபாய் 60 காசு. இரண்டும் சேர்ந்து 2,921 ரூபாய் சொச்சம். உங்கள் கார்டுக்கு வட்டி மாதம் 3.6 சதவீதம், வருடத்துக்கு 43.2. நீங்கள் மனதில் போட்ட கணக்கு இதுவாக இருக்கும்: 45,000 ரூபாய்க்கு மூன்று நாள் வட்டி. அது 160 ரூபாய்தான் வரும். அதனால்தான் 2,475-ஐப் பார்த்ததும் வயிறு எரிந்திருக்கிறது.

வங்கி வட்டியை ஜூலை 5-லிருந்து எண்ணவில்லை. நீங்கள் ஒவ்வொரு பொருளையும் வாங்கின நாளிலிருந்து எண்ணுகிறது. வாஷிங் மெஷினுக்கு மே 20 முதல் ஜூலை 8 வரை 49 நாள். மளிகைக்கு 36 நாள். துணிக்கு 28 நாள். ஒவ்வொரு தொகையையும் அதன் நாளால் பெருக்கிக் கூட்டினால் 20,91,600 வரும். அதை 0.432-ஆல் பெருக்கி 365-ஆல் வகுங்கள். மொபைல் கால்குலேட்டரே போதும். 2,475 ரூபாய் 54 காசு, ஸ்டேட்மென்ட்டில் இருக்கிற அதே தொகை.

‘45 நாள், 50 நாள் வட்டியில்லாக் கடன்’ என்று கார்டு விற்கும்போது சொல்வார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைசித் தேதிக்குள் முழுத் தொகையும் வந்து சேர்ந்தால்தான் அந்தச் சலுகை. வரவில்லை என்றால் சலுகையே நடக்காதது மாதிரி ஆகி, கணக்கு வாங்கின நாளுக்குத் திரும்பிப் போய்விடும். அந்தப் பாக்கி தீருகிற வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி இருக்கும்போது அதே கார்டில் காய்கறி வாங்கினால், அந்தக் கத்தரிக்காயும் மூணரை வட்டிக்கு வாங்கின கத்தரிக்காய்தான்.

அந்த மூன்று நாள் வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கார்டு விதிகளின்படி, கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் வங்கி தாமத அபராதம் போடலாம். நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்துவைக்கிற சிபில் போன்ற நிறுவனங்களுக்குப் பாக்கி என்று தெரிவிப்பதும் அதற்கப்புறம்தான். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் லேட் ஃபீ என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? அந்த விதிதான் காப்பாற்றியது. ஜூலை 9-ல் கட்டியிருந்தால், 45,000 ரூபாய் பாக்கிக்கு லேட் ஃபீ பல வங்கிகளில் ஆயிரத்தைத் தாண்டும், அதற்கு ஜிஎஸ்டி வேறு. ஆனால் அந்த விதி வட்டியைத் தொடவில்லை. வீடியோ போட்டவர் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நம் பக்கம் ஒருவர் ‘மூணு வட்டிக்கு வாங்கினேன்’ என்றால் அவர் முகத்தையே பாவமாகப் பார்ப்போம். கார்டு அதற்கும் மேலே. இதற்கு உச்சவரம்பே கிடையாதா என்று கேட்பீர்கள். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, இன்றைக்கு 30 என்ற வரம்பு இல்லை. இன்னொன்று: வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் உண்டு. 43.2-க்கு மேல் அதையும் ஏற்றினால் ஏறத்தாழ 51 சதவீதம். வேறு எந்தக் கடனுக்கு இந்த வட்டி கொடுப்பீர்கள்?

இதிலே எனக்கு வருத்தம், நீங்கள் 5-ம் தேதி கையிலிருந்ததைக் கட்டியிருக்கலாம் என்பதுதான். கட்டின பணத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வட்டி போட வேண்டும் என்பது விதி. சேமிப்புக் கணக்கிலோ வீட்டுக்காரரிடமோ 40,000 புரட்டி 5-ம் தேதிக்குள் கட்டி, மீதி 5,000-ஐ 8-ம் தேதி கட்டியிருந்தால், அந்த 5,000-க்கு 49 நாள் என்று வைத்தாலும் வட்டி 290 ரூபாய். ஜிஎஸ்டியோடு 342. முழுசாகக் கட்டினால்தான் பிரயோஜனம் என்று நினைத்துச் சம்பளத்துக்குக் காத்திருந்ததுதான் இத்தனை செலவு வைத்தது. உங்களைப் போல ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் வழுக்குகிறார்கள்.

அதற்காக மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொத்தத்தில் 5 சதவீதம்தான் பெரும்பாலும் மினிமம் டியூ. 45,000-க்கு 2,250. அதைக் கட்டினால் லேட் ஃபீ வராது, சிபிலில் கெட்ட பெயர் வராது. மீதி 42,750-க்கு மாதம் 1,500-க்கு மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் சம்பளம் 7-ம் தேதி. கார்டின் கடைசித் தேதி 5. இந்த இரண்டும் இப்படியே இருக்கும்வரை ஒவ்வொரு மாதமும் நீங்கள் கத்தி முனையில்தான் நடக்கிறீர்கள். ஒரு வருடம் தப்பித்ததே பெரிது. பில்லிங் சைக்கிளை, அதாவது மாதாமாதம் ஸ்டேட்மென்ட் போடுகிற சுற்றை, வாடிக்கையாளர் தன் வசதிக்கு ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ள வங்கி இடம் கொடுத்தாக வேண்டும். அதுவும் விதியிலேயே இருக்கிறது. பல வங்கிகளின் ஆப்பிலேயே மாற்றலாம். இல்லாவிட்டால் கஸ்டமர் கேரில் ‘பில்லிங் சைக்கிள் மாற்ற வேண்டும்’ என்று கேளுங்கள். உங்கள் கார்டில் ஸ்டேட்மென்ட் வந்து இருபது நாளில் கடைசித் தேதி வருகிறது. ஸ்டேட்மென்ட் தேதியை 22-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் கடைசித் தேதி 12-ஐ ஒட்டி விழும். சம்பளம் வந்து ஐந்து நாள் அவகாசம். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் ஆட்டோ டெபிட், அதாவது சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் தானாகவே எடுக்கப்படுகிற ஏற்பாடு. தேதியை மாற்றின பிறகு போடுங்கள், முன்னால் வேண்டாம். கணக்கில் பணம் இல்லாத நாளில் ஆட்டோ டெபிட் வந்து திரும்பிப் போனால் கார்டு வங்கி ஒரு கட்டணம், சேமிப்புக் கணக்கு வங்கி ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் அடி. போடும்போது ‘மொத்தத் தொகை’ என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். படிவத்தில் மினிமம் டியூவுக்கு டிக் அடித்துவிட்டு, ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எட்டு மாதம் நம்பியிருந்த ஒரு கல்லூரிப் பேராசிரியரை எனக்குத் தெரியும். கையால் கட்டுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே கட்டுங்கள். வேறு வங்கிக் கணக்கிலிருந்தோ பணம் அனுப்பும் ஆப்பிலிருந்தோ அனுப்பினால் கார்டுக் கணக்கில் ஏற ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகலாம். நீங்கள் அனுப்பின தேதியை வங்கி பார்க்காது, வந்து ஏறின தேதியைத்தான் பார்க்கும்.

வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேளுங்கள். ஒரு வருடமாக ஒரு தடவையும் தவறாதவர் என்றால் முதல் தடவைக்குப் பாதியோ முழுசோ விட்டுக்கொடுப்பது உண்டு. நான் இருந்த பிரிவிலும் அப்படிக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். கேட்காதவர்களுக்கு யாரும் தேடிப்போய்க் கொடுத்ததில்லை. தன்மையாகப் பேசுங்கள். எதிரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் ஒரு வரம்பு வரை தள்ளுபடி செய்ய அதிகாரம் இருக்கும், கத்துகிறவர்களுக்கு அது தெரியாது.

ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு. இதில் கெஞ்ச வேண்டாம், கேட்டு வாங்குங்கள். ஸ்டாலில் நின்ற பையன் ‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்றான். உண்மையில் அது ‘முதல் வருடம் இலவசம், அடுத்த வருடத்திலிருந்து இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி’ வகைக் கார்டாக இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. இலவசம் என்று கொடுக்கிற கார்டில் மறைமுகக் கட்டணம் எதுவும் இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களிடம் ஆதாரம் வேண்டும். கார்டோடு வந்த கவரைத் தேடுங்கள். அதில் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதின தாள் ஒன்று இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்ட அன்று வந்த மெயில், எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் பாருங்கள். அந்தப் பையன் வாட்ஸ்அப்பில் ‘எல்டிஎஃப் கார்டு மேடம்’ என்று அனுப்பியிருந்தால் அது தங்கம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்டிஎஃப் என்பது லைஃப்டைம் ஃப்ரீக்கு அவர்கள் வைத்திருக்கிற சுருக்கம்.

தாளில் ஆண்டுக் கட்டணம் 499 என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம்தான். அப்போதும் வழி இருக்கிறது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறீர்களா, கார்டை மூடிவிடட்டுமா என்று கேளுங்கள். வாஷிங் மெஷின் வாங்குகிற வாடிக்கையாளரை 499 ரூபாய்க்காக இழக்கப் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். முதலில் இலவசமாக இருந்து, நடுவில் விதியை மாற்றிக் கட்டணம் போட்டிருந்தால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும். அந்த மெயில் உங்கள் ப்ரமோஷன்ஸ் பக்கத்தில் துணிக்கடை ஆஃபர்களுக்கு நடுவே கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டது கேட்டபடி இருக்கட்டும், அடுத்த கடைசித் தேதிக்குள் இந்த ஸ்டேட்மென்ட்டின் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள், சண்டையிலிருக்கிற 588 உட்பட. கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்று விதி இருந்தாலும், அந்த 588-ஐ மட்டும் நிறுத்திவைத்தால் ‘முழுத் தொகை வரவில்லை’ என்று கணினி எழுதிக்கொள்ளும்; அப்புறம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். திரும்பி வருகிற பணம் கார்டிலேயே வரவு வைக்கப்படும்.

வெளிநாட்டுக் கட்டணம் 65 ரூபாய், ஜிஎஸ்டி 11 ரூபாய் 70 காசு. ஜூன் 25-ல் மலேசியாவில் ஒரு கடையில் 6,500 ரூபாய் என்று ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. ரிங்கிட்டில் இல்லை, ரூபாயில் இருக்கிறது. கடையில் இயந்திரம் ‘ரூபாயா, ரிங்கிட்டா?’ என்று கேட்டிருக்கும். நம்ம காசுதானே என்று ரூபாயைத் தொட்டிருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கிற நிறுவனம் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. அதன் லாபம் பில்லுக்குள்ளேயே கலந்திருக்கும், தனி வரியாகத் தெரியாது. அதற்கு மேல், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் தேய்த்ததற்காக உங்கள் வங்கி ஒரு சதவீதம் எடுத்திருக்கிறது. அதுதான் அந்த 65.

ரிங்கிட்டைத் தொட்டிருந்தால் கட்டணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்து 4.13. ஆயிரம் ரூபாய்க்கு 41 ரூபாய் 30 காசு. ஆனால் அப்போது விகிதமாவது விசாவோ மாஸ்டர்கார்டோ போடுகிற விகிதமாக இருக்கும், கட்டணமும் கண்ணுக்குத் தெரியும். வெளியூர் போனால் அந்த ஊர்க் காசைத் தொடுங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாங்குகிற சில ஆப்களும் பாடங்களும் வெளிநாட்டில் பதிவான நிறுவனங்களுடையவை. விலை ரூபாயில் இருக்கும். ஸ்டேட்மென்ட்டில் இதே ஒரு சதவீத வரி வந்து நிற்கும்.

ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். நோ காஸ்ட் இஎம்ஐ என்பதில் வட்டி இருக்கிறது. அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரரோ கம்பெனியோ முன்கூட்டியே விலையில் தள்ளுபடி கொடுப்பதால் உங்களுக்குச் சமமாகிவிடுகிறது. 36,000 ரூபாய் ஃப்ரிட்ஜ், ஆறு மாதம், வருடத்துக்கு 16 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 6,000 கட்டுவீர்கள். அதற்குள் வட்டி 1,622 ரூபாய். அதே 1,622-ஐ விலையில் குறைத்திருப்பார்கள். அதுவரை சரி. ஆனால் அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 292 ரூபாய் உங்கள் தலையில். ப்ராசஸிங் ஃபீ என்று 199, அதற்கு ஜிஎஸ்டியோடு 235. ஆக மொத்தம் 527 ரூபாய். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும், வட்டியுள்ள இஎம்ஐயை வட்டியில்லாததுபோல வேஷம் போட்டு விற்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. பில் போடும்போது அந்த மூன்றையும் காட்டச் சொல்லுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், 36,000 ரூபாயை ஆறு மாதம் வைத்துக் கட்ட 527 ரூபாய் மோசமில்லை. நீங்கள் ஜூலையில் கொடுத்த 2,921-க்கு முன்னால் இது தூசு. ஒன்று மட்டும் பாருங்கள். உங்கள் ஊர்க் கடையில், இஎம்ஐ இல்லாமல் மொத்தமாகக் கொடுத்தால் விலை எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். இரண்டாயிரம் குறைப்பேன் என்று கடைக்காரர் சொன்னால் நோ காஸ்ட்டின் உண்மையான விலை 527 இல்லை, 2,527.

வாங்கின பிறகு போன் பண்ணி ‘மேடம், உங்கள் வாஷிங் மெஷினை ஈசி இஎம்ஐயாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று பேசுகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை. அங்கே தள்ளுபடி கொடுக்கக் கடைக்காரர் கிடையாது; வட்டி முழுக்க உங்களுடையது. நடுவில் மொத்தமாகக் கட்டி முடிக்க நினைத்தால் அதற்கும் ஒரு கட்டணம் வாங்குவார்கள். ‘உங்களுக்காகக் கார்டு பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கு மேடம்’ என்றும் அதே குரலில் கேட்பார்கள். நீங்கள் சம்மதிக்காமல் எதையும் சேர்க்கக் கூடாது. ஆனால் வேலை அவசரத்தில் ‘சரி, சரி’ என்று சொல்வதையும் சம்மதம் என்று பதிவு செய்துகொள்வார்கள். வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்றே சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இல்லாத சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஃப்ரிட்ஜ் கடைக்குப் போகும் வழியிலேயே மாட்டிவிடக்கூடியவை. பெட்ரோல் போட்டால் ஒரு சதவீதம் சர்சார்ஜ். பல கார்டுகளில் அதைத் திருப்பித் தருவார்கள், அதன் மேல் போட்ட ஜிஎஸ்டியைத் தர மாட்டார்கள். 2,000 ரூபாய் பெட்ரோலுக்கு 20 திரும்பி வரும், 3 ரூபாய் 60 காசு போனது போனதுதான். வீட்டு வாடகையைக் கார்டில் கட்டுகிற வசதியைப் பல ஆப்கள் 2025-ல் நிறுத்திவிட்டன; இன்னும் கட்ட முடிகிற இடத்தில் பல வங்கிகள் ஒரு சதவீதம் எடுக்கின்றன, ஆப் தன் பங்குக்கு வேறு எடுக்கும். ரிவார்டு பாயிண்டைப் பொருளாக மாற்றக்கூட 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்குகிற கார்டுகள் உண்டு; 150 ரூபாய்ப் பாயிண்டை எடுக்க 116 ரூபாய் 82 காசு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் மோசம் ஏடிஎம். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் வட்டியில்லா நாள் என்ற பேச்சே இல்லை, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. அதற்கு மேல் எடுக்கும் தொகையில் இரண்டரை சதவீதம். ஆனால் குறைந்தது 500 ரூபாய் என்று பல வங்கிகளில் இருக்கிறது. 2,000 எடுத்தாலும் ஜிஎஸ்டியோடு 590. இதை எழுதுகிற எனக்கே ஒரு தடவை ஆனது. மதுரையில் ஒரு கல்யாணம், மண்டபத்துக்கு எதிரே ஏடிஎம், பின்னால் நான்கு பேர் வரிசையில். டெபிட் கார்டு என்று நினைத்துப் பக்கத்துப் பையிலிருந்த கார்டைச் சொருகி 1,000 ரூபாய் எடுத்து மொய் எழுதினேன். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் 300-க்கு மேல் கட்டணம். கார்டு பிரிவில் வேலை பார்க்கிறவனுக்கு! வீட்டில் இன்றைக்கும் அதை மொய்க்கு வைத்த மொய் என்றுதான் சொல்வார்கள். அன்று சாயங்காலமே கிரெடிட் கார்டின் பின் நம்பரை மாற்றி, மறந்துபோகிற மாதிரி ஒன்றை வைத்துவிட்டேன்.

588 ரூபாய்க்குக் கஸ்டமர் கேர் மசியவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். போனில் பேசினதற்குச் சாட்சி இல்லை. நான்கு வரி மெயில் போதும்: கார்டு வாங்கின மாதம், லைஃப்டைம் ஃப்ரீ என்று சொல்லப்பட்டது, இப்போது போடப்பட்ட தொகை, திருப்பித் தரக் கோருகிறேன். ஸ்க்ரீன்ஷாட்டை இணைத்துவிடுங்கள். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் உங்களுக்கு ஒப்பாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிக் குறைகளைத் தீர்த்து வைக்கிற அதிகாரியிடம், போகலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லா வங்கிகளுக்கும் ஒரே இடம்தான். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்கிற புகார் இணையதளத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். எப்படிப் போடுவது என்று 14448-ல் கேட்டால் சொல்வார்கள். 588 ரூபாய்க்கா இத்தனை என்று தோன்றலாம். ஒம்புட்ஸ்மேன் வரை போகப்போகிறேன் என்று மெயிலில் ஒரு வரி எழுதினாலே பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடுவதை உள்ளேயிருந்து பார்த்தவன் நான்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. கார்டை வெட்டுவதும் கணக்கை மூடுவதும் வேறு வேறு. கோவையில் நான் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் எதிரில் வந்து உட்கார்ந்து, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றை மேஜை மேல் கவிழ்த்தார். நான்கு துண்டாக வெட்டின கார்டு. “மூணு வருஷத்துக்கு முன்னாடியே வெட்டிட்டனுங்க, இப்ப மகன் வீட்டுக் கடனுக்கு நான் ஜாமீன் போடப் போனா பாக்கி இருக்குதுங்கறாங்க” என்றார். அவர் வெட்டினது பிளாஸ்டிக்கை. கணக்கு உயிரோடு இருந்து, வருடா வருடம் ஆண்டுக் கட்டணமும் அபராதமுமாக வளர்ந்திருந்தது. பாவம், துண்டுகளை ஆதாரமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

இப்போது விதி உங்கள் பக்கம் கொஞ்சம் பலம். பாக்கியை முழுக்கத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குக் கொடுக்க வேண்டும். மெயிலிலோ ஆப்பிலோ கேளுங்கள், மூடியாயிற்று என்ற பதிலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், ஓரிரு மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை அந்த அறிக்கை இலவசம். கத்தரிக்கோலை அதற்கப்புறம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூட மாட்டேன். ஒரு வருடம் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தப் பதிவு உதவும். ஆண்டுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், தேதியையும் 12-ஐ ஒட்டி மாற்றிக் கொடுத்தார்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முடியாது என்றால் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்கள், மேலே சொன்ன வரிசையில். தேதியை மாற்றுகிற மாதத்தில் ஸ்டேட்மென்ட் கொஞ்சம் முன்னே பின்னே வரும். நடுவில் ஒரு சின்ன பில் தனியாக வரவும் வாய்ப்பு இருக்கிறது. மாற்றியாயிற்று என்று நம்பி அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.